ஊறுகாய் அலமாரிக்குள் ஒரு மைட்டர் சா

எங்கள் வீட்டுப் பின்கட்டில், பாட்டி ஊறுகாய் ஜாடி அடுக்கி வைத்திருந்த ஒரு சுவர் அலமாரி இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் அந்தக் காலத்தில் கட்டிய வீடு, சுண்ணாம்புச் சுவர், 14 இஞ்ச் கனம். அதில் 9 இஞ்ச் ஆழத்துக்குக் குடைந்த மாதிரி, கதவு இல்லாத அலமாரி. போன மாதம் அதன் கீழ்த்தட்டுக் கடப்பாக் கல்லைப் பெயர்த்து எடுத்தேன். எதற்கு என்றால், ஒரு ரம்பத்தின் வால் உள்ளே போய்வருவதற்கு. வீட்டில் இன்னும் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஸ்லைடிங் காம்பவுண்ட் மைட்டர் சா. பெயர்தான் ரயில் நீளம், சங்கதி சுலபம். மேலிருந்து இறங்கி அறுக்கும் வட்ட பிளேடு. அடியில் இருக்கும் மேஜை இடம் வலமாகத் திரும்பினால் மைட்டர், பிளேடு இருக்கும் தலை பக்கவாட்டில் சாய்ந்தால் பெவல், ரெண்டும் ஒரே வெட்டில் முடிந்தால் காம்பவுண்ட், அந்தத் தலையே இரண்டு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் ஓடினால் ஸ்லைடிங். வெல்டிங் பட்டறையில் தீப்பொறி பறக்க இரும்பு பைப் அறுப்பார்களே, அது வேறு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் கல் சக்கரத்தை இதில் மாட்டுவதோ இதன் பிளேடை அதில் மாட்டுவதோ கூடவே கூடாது.

எனக்கு இது எதற்கு என்று கேட்டால் இரண்டு காரணம். ஒன்று கேரம் போர்டு. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு மன்றம் இருக்கும், மன்றத்துக்கு ஒரு போர்டு இருக்கும், போர்டுக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கும். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் எங்கள் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்று வந்ததிலிருந்து தெருப் பிள்ளைகள் எல்லாரும் போர்டு போர்டு என்று திரிகிறார்கள். கடையில் வாங்கும் மலிவு போர்டில் இரண்டே மழைக்காலத்தில் மூலை வாய் பிளந்துவிடுகிறது, சரி நாமே ஒன்று செய்வோம் என்று கிளம்பினேன். இரண்டாவது காரணம் புத்தக அலமாரி, கொலுப்படி மாதிரியான அகலப் பலகை வேலைகள். இந்த இரண்டும் ஒரே மிஷினிடம் ஒன்றுக்கொன்று எதிரானதைக் கேட்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் நானும் எல்லாரையும் போல அகலத்தைத்தான் பார்த்தேன். 12 இஞ்ச் பிளேடு, இரட்டைப் பெவல், லேசர், எல்லாம் வேண்டும். பக்கத்துத் தெருவில் முப்பது வருஷமாக வேலை செய்யும் கார்ப்பென்டர் அண்ணனிடம் போனில் படத்தைக் காட்டினேன். வாயில் இருந்த பென்சிலை எடுக்காமலே பார்த்தார்.

“இன்னா தம்பி, பெட்டி மேல போட்ட அகலத்தையே பாத்துனுகிற? பலகைய அறுக்க என்னாண்ட இருக்கிற கட்டர் மிசினே போதும். மூல நிக்குமா அதப் பாரு மொதல்ல.”

அவர் வைத்திருப்பது நாலு இஞ்ச் கை கட்டர். ஒரு அலுமினிய ஆங்கிளைப் பலகையில் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டியே ஓட்டிக்கொண்டு போவார். 8 அடி பிளைவுட்டும் நூல் பிடித்த மாதிரி வரும். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஏறியது.

கேரம் போர்டின் ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம். சுற்றியுள்ள சட்டம் ஏறத்தாழ 3 இஞ்ச் அகலம், அதாவது 76 மில்லிமீட்டர். நாலு மூலை, எட்டு வெட்டு, எல்லாம் 45 டிகிரி. இப்போது மிஷின் 45 என்று சொல்லிவிட்டுக் கால் டிகிரி குறைத்து வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் டிகிரி கண்ணுக்குத் தெரியாது. ஒரு மூலையில் இரண்டு வெட்டு, ஆக அரை டிகிரி. மூன்று மூலையையும் நெருக்கி ஒட்டிக்கொண்டு வந்தால் மொத்தத் தப்பும் நாலாவது மூலையில் இரண்டு டிகிரியாக நிற்கும். வெட்டு முகத்தின் நீளம் 108 மில்லி. இரண்டு டிகிரிக்குக் கிட்டத்தட்ட நாலு மில்லி இடைவெளி. ஒரு ரூபாய் நாணயம் இரண்டைச் சேர்த்துச் சொருகலாம். மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைக்கலாம்தான், அதைத்தான் மலிவு போர்டுக்காரர்களும் செய்கிறார்கள்.

இன்னொரு விஷயம், அந்த 76 மில்லி சட்டத்தை 45இல் வெட்ட ஸ்லைடிங்கே தேவையில்லை. மக்கிட்டா எல்எஸ்1040 மாதிரி, கம்பி இல்லாத 10 இஞ்ச் மிஷின் நேர்வெட்டில் 130 மில்லி வரை போகும், எடை 11 கிலோதான். ஓடும் பாகம் குறைந்தால் ஆட்டமும் குறையும், எனவே கேரம் மட்டும்தான் செய்வேன் என்றால் நான் அதை வாங்கிக்கொண்டு இந்தப் பதிவை இங்கேயே முடித்திருப்பேன். 11, 12 இஞ்ச் அகலத் தட்டுகள்தான் என்னை ஸ்லைடிங் பக்கம் இழுத்தன. பலகையைப் பாதி வெட்டி, திருப்பிப் போட்டு மீதியை வெட்டலாமே என்பார்கள். செய்து பார்த்தேன், நடுவில் ஒரு படி விழுகிறது. பத்துத் தட்டுக்குப் பத்துப் படியையும் தேய்த்து உட்கார்ந்திருக்க முடியாது.

சரி, ஸ்லைடிங்தான் என்று முடிவானது. அடுத்துதான் அறை. என் பட்டறை என்று நான் பெருமையாகச் சொல்லும் இடம் ஏழரை அடிக்குப் பதினோரு அடி. முதலில் மொட்டை மாடியில் போடலாம் என்றுதான் நினைத்தேன், ஒரு ஞாயிறு இரவல் மிஷினை வைத்து வெட்டியும் பார்த்தேன். தூள் காற்றில் ஏறி, எதிர்வீட்டு அக்கா காயவைத்திருந்த கருவாட்டின் மேல் போய் உட்கார்ந்தது. அந்தக் கதையை அக்காவே தெருமுழுக்கச் சொல்லிவிட்டதால் நான் சொல்லப் போவதில்லை.

கீழே வந்தால் வால் பிரச்சினை. பெரும்பாலான ஸ்லைடிங் மிஷின்களில் தலையைப் பின்னால் தள்ளும்போது அந்த இரண்டு கம்பிகளும் பின்பக்கம் நீட்டிக்கொள்ளும். கடையில் டேப் வைத்துப் பார்த்தேன். ஒரு 12 இஞ்ச் மிஷின் கைப்பிடி முதல் கம்பி நுனி வரை மூன்றடியைத் தாண்டியது. என் மேஜை இரண்டடி. மூன்றடி மேஜை போட்டால் நான் நிற்கும் இடத்தில் பாத்ரூம் கதவு வந்து இடிக்கும். இதற்கென்றே சில மிஷின்கள் உண்டு. பாஷ் ஜிசிஎம் 12 ஜிடிஎல்லில் கம்பியே கிடையாது, முழங்கை மாதிரி மடங்கும் கை. சுவரை ஒட்டி வைக்கலாம். ஃபெஸ்டூல் கேபெக்ஸில் கம்பிகள் முன்பக்கம் நீளும்படி அமைத்திருக்கிறார்கள், அதையும் சுவர் ஓரமாக வைக்கலாம். கேபெக்ஸ் விலையைக் கேட்டுவிட்டு நேராக டீக்கடைக்குப் போய்விட்டேன். அந்த பாஷ் மேல் நிஜமாகவே ஆசை இருந்தது, ஆனால் எடை 32 கிலோ.

எடை உங்களுக்கு ஒரு விஷயமாக இல்லாமல் இருக்கலாம். எங்களுக்கு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ராத்திரி பதினோரு மணிக்கு, கரண்ட் இல்லாமல், ஆள் ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டில், மிக்ஸி முதல் தையல் மிஷின் வரை தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம். அந்தப் படியில் 32 கிலோ இரும்பைத் தோளில் வைத்து நான் ஏறுவதாகக் கற்பனை செய்து பார்த்தேன். அந்த நிமிஷத்தோடு 12 இஞ்ச் ஆசை போய்விட்டது.

ஆக மிஞ்சியது 8 இஞ்ச் ஸ்லைடிங், அதன் வாலுக்குத்தான் அந்த ஊறுகாய் அலமாரி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், சின்ன பிளேடு என்றால் சின்ன வெட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பி ஓடும் தூரம்தான் அகலத்தைத் தீர்மானிக்கிறது, பிளேடின் விட்டம் உயரத்தைத்தான் தீர்மானிக்கிறது. உதாரணத்துக்கு பாஷ் ஜிசிஎம் 8 எஸ்ஜேஎல்லைப் பாருங்கள்: 216 மில்லி பிளேடு, ஆனால் நேர்வெட்டு அகலம் 312 மில்லி, உயரம் 70. கேபெக்ஸின் பிளேடு 260 மில்லி, வெட்டு அகலம் 305 தான். நான் 70 மில்லிக்கு மேல் கனமான மரத்தை எப்போது வெட்டினேன்? யோசித்தேன், ஒரே ஒரு தடவை, கட்டில் கால். அதைக் கைரம்பத்தில் அறுத்தால் போகிறது. ஒன்று மட்டும் கவனம்: 312 என்பது நேர்வெட்டுக்குத்தான். மேஜையை 45க்குத் திருப்பினால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும், தலையைச் சாய்த்தால் உயரமும் குறையும். பெட்டி மேல் பெரிய எழுத்தில் எப்போதும் நேர்வெட்டு அளவைத்தான் போடுவார்கள்.

இரட்டைப் பெவல் வேண்டாம் என்று விட்டேன். தலை இரண்டு பக்கமும் சாயும் வசதி, மேல்கூரை ஓரத்தில் மரச்சட்டம் அடிக்கிற ஊர்க்காரர்களுக்கு உயிர். மேஜையைத் திருப்பும்போது தானே விழுந்து நிற்கும் பள்ளங்களில் ஒன்று 31.6 டிகிரி என்று ஒரு விசித்திரமான இடத்தில் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதுவும் சாய்வு அளவில் இருக்கும் 33.9உம் அமெரிக்க வீடுகளின் அந்த மரச்சட்டத்துக்கான கணக்கு. நம் ஊரில் அந்த வேலையை பிஓபி மேஸ்திரி கையாலேயே முடித்துவிடுகிறார்.

வாங்கப் பாரிமுனைக்குத்தான் போனேன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே மண்ணடி, இறங்கி நடந்தால் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு. ஆன்லைனில் ரெண்டாயிரம் குறைவாகவே இருந்தது. இருந்தாலும் தொட்டுப் பார்க்காமல் இந்த மிஷினை வாங்கக் கூடாது என்பது என் எண்ணம். பையில் ஒரு மூலை மட்டம், 8 இஞ்ச் அகலத்தில் நாலு துண்டு எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. முதல் கடையில் பிளக்கே போட மாட்டேன் என்றுவிட்டார்கள், தம்பி இதென்ன மளிகைக் கடையா, பருப்பைக் கடித்துப் பார்த்து வாங்க என்ற மாதிரி ஒரு பார்வை. இரண்டாவது கடைக்காரர் நல்ல மனிதர், ஓரமாக ஒரு மிஷினை எடுத்து வைத்து, வெட்டிக்கோ என்றார்.

நான் செய்தது இதுதான். முதலில் கரண்ட் இல்லாமல் தலையை முழுக்க முன்னால் இழுத்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டினேன். கொஞ்சமாவது ஆடும், ஆடாத ஸ்லைடிங் இல்லை. ஆனால் ‘டக் டக்’ என்று பேரிங்கில் இடைவெளி தெரிந்தால் அது ஆகாது. அப்புறம் எம்டிஎஃப்பை 90இல் வெட்டி, இரண்டு துண்டில் ஒன்றை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டு முகத்தோடு வெட்டு முகத்தை ஒட்டி, இரண்டின் முதுகையும் ஃபென்ஸில், அதாவது பலகையை முட்டவைக்கும் பின்சட்டத்தில், சாய்த்து வைத்தேன். தப்பு இருந்தால் இரண்டு மடங்காகக் காட்டிக்கொடுக்கும். மட்டத்தை விட இந்த முறை நம்பகமானது, மட்டமே கோணலாக இருந்தாலும் இது பொய் சொல்லாது.

90 சரியாக வந்தது. 45இல் வெட்டிய இரண்டைச் சேர்த்து மூலை மட்டத்தை வைத்தால் உள்பக்கம் வெளிச்சம் தெரிந்தது. இது முக்கியம்: 90 தப்பாக இருந்தால் பயமில்லை, ஃபென்ஸின் ஸ்க்ரூவைத் தளர்த்தி மட்டத்துக்கு வைத்து இறுக்கிவிடலாம். 90 சரியாக இருந்து 45 மட்டும் தப்பினால், அந்தப் பள்ளங்கள் வெட்டிய தட்டிலேயே கோளாறு என்று அர்த்தம், நாம் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனிப் பெயர் வேண்டாம், அது பெயர்போன கம்பெனிதான், அந்த ஒரு பீஸ் அப்படி. கடைக்காரரும் குனிந்து வெளிச்சத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறு பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தார். அதில் வெளிச்சம் இல்லை. அதையே கட்டச் சொல்லி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வந்ததும் பிளேடை மாற்றினேன். கூட வந்தது பல் குறைந்த பிளேடு, வேகமாக அறுக்கும், ஆனால் பிளைவுட்டின் மேல்தோலைப் பிய்த்துவிடும். 216க்கு 60 பல் வாங்கினேன். பல்லின் எண்ணிக்கையை விட, பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். டேபிள் ரம்பத்துக்கான பிளேடில் பல் முன்னோக்கிக் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், அதை ஸ்லைடிங்கில் போட்டால் மரத்தின் மேல் ஏறி நம் பக்கமே பாயும். பூஜ்யத்தை ஒட்டியோ மைனஸ் 5 டிகிரியோ பின்சாய்வு உள்ளதுதான் இதற்கு. நடு ஓட்டையின் அளவையும் பிளேடின் ஆர்பிஎம் மிஷினை விடக் கூடுதலா என்பதையும் பார்த்து வாங்குங்கள். 30 மில்லி ஓட்டையும் 25.4 மில்லி ஓட்டையும் கடைக்காரர் கையில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மிஷின் 1600 வாட், அதாவது 230 வோல்ட்டில் 7 ஆம்பியர், கிளம்பும் நொடியில் இன்னும் பல மடங்கு இழுக்கும். வழக்கமான 6 ஆம்பியர் பிளக் ஆகாது. ஏசிக்குப் போடுகிற மாதிரி தனி 16 ஆம்பியர் பாயிண்ட், 2.5 ஸ்கொயர் ஒயர் போட்டுக்கொண்டேன்.

ஓட்டும் விதத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம், அகலப் பலகை, பிளேடை இறக்கிவிட்டு என் பக்கமாக இழுத்து அறுத்தேன், கைரம்பப் பழக்கம். பலகையின் மேலேறி தலை மொத்தமும் என் நெஞ்சைப் பார்த்துத் துள்ளியது. சட்டைப் பொத்தான் வரை வந்து நின்றது. சரியான முறை தலைகீழ்: நிற்கும் பிளேடோடு தலையை முதலில் முன்னால் இழுத்து, ஸ்விட்சைப் போட்டு முழு வேகம் வந்த பிறகு கீழே இறக்கி, நம்மை விட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும் ஸ்விட்சை விட்டு, பிளேடு முழுக்க நின்ற பிறகுதான் மேலே தூக்க வேண்டும். கையை பிளேடிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள், கிளவுஸ் போடாதீர்கள், துணி சுற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

மரம் இங்கே மலிவு. மணலி, மாதவரம் பக்கம் கண்டெய்னர் யார்டுகளிலிருந்து வரும் பேக்கிங் பைன் பலகையில் நல்ல தட்டுகள் கிடைக்கின்றன. பலகையில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும், பக்கத்தில் எச்டி என்றிருந்தால் சூடுபடுத்திப் பூச்சி கொன்றது, எம்பி என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது. எம்பி போட்டதை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. கேரம் சட்டத்துக்கு மட்டும் இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கு நிலை. காந்தம் வைத்துத் தேடி ஒன்பது ஆணி பிடுங்கினேன். பத்தாவதை பிளேடு கண்டுபிடித்தது, கார்பைட் பல் இரண்டு போச்சு.

கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம், காற்றில் உப்பு. வாரம் ஒருமுறை கம்பியைத் துடைத்து மெழுகு தேய்க்கிறேன். கிரீஸ் போடாதீர்கள், தூளோடு சேர்ந்து களிம்பாகி தலை மாட்டு வண்டி மாதிரி ஓடும். தூளுக்குத்தான் வழி இல்லை. கூட வரும் பை பாதியைக்கூடப் பிடிப்பதில்லை. ஊறுகாய் அலமாரியின் மூன்று பக்கமும் பழைய பேனர் துணி அடித்து, கீழே வேக்குவம் குழாயைச் சொருகியிருக்கிறேன், முக்கால்வாசி அதில் போகிறது, மிச்சம் என் மூக்கில்.

போர்டு சட்டம் போன ஞாயிறு ஒட்டினேன். நாலு பக்கமும் ஒரே நீளம் வர, ஃபென்ஸில் ஒரு கட்டையை கிளாம்ப் போட்டு, ஒவ்வொரு சட்டத்தையும் அதில் முட்டவைத்தே வெட்டினேன், டேப்பைத் தொடவே இல்லை. காய்ந்த பிறகு கார்ப்பென்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். சுவருக்குள் போய்வரும் வாலை முதலில் பார்த்துச் சிரித்தார். அப்புறம் போர்டைச் சுற்றி வந்து, கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு மூலையின் கோட்டிலும் குறுக்கே ஓட்டினார். முதல் மூலை வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதும். மூன்றாவதில் நகம் நின்றது.

“இங்க தான் ஆணி பட்ச்சா?” என்றார்.

அங்கேதான்.